காண்ட்ராக்டர் குடிக்காத தண்ணீர்

எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. காண்ட்ராக்டர் முதன்முதலாக மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு வந்த அன்று, அக்கா அதில்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்டாப்பல இருக்குது கண்ணு, இன்னொரு சொம்பு கொண்டா" என்றார். இரண்டாவதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். அந்த இரண்டு சொம்புத் தண்ணீரை நான் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

பழைய இரும்புக் குழாய்களைப் புதுப்பிக்கும் வேலை அவருடையது. ஒரு ஆள் நுழைகிற அகலம் இருக்கும் ஒவ்வொன்றும். எங்கள் வீட்டை ஒட்டிய தரிசில் தகரக் கொட்டகை போட்டார். முகமூடி மாட்டிய ஆட்கள், கம்ப்ரெசர் காற்றில் கறுப்பு மணலைப் பீய்ச்சி அடித்து, குழாயின் பழைய பெயின்ட்டை உரிப்பார்கள். பிறகு புதுப் பெயின்ட் பூசுவார்கள். உரிந்த சிவப்புத் தூள் எங்கள் மிளகுக் கொடியில் படிந்தது, பலா இலையில் படிந்தது, கொடியில் காய்ந்த வேட்டியில் படிந்தது. உதறிவிட்டுக் கட்டிக்கொண்டோம். காண்ட்ராக்டர் தங்கமான மனுஷர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

மலையில் மணல் கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு லாரியில் ஏறி வந்தாக வேண்டும். கொட்டகைப் பக்கம் அடித்து முடித்த மணல் குன்றாகக் குவிந்து கிடந்தபோது எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மழைக்குச் சேறாகிற எங்கள் நெல்லடிக்கும் களத்துக்கு அதைப் போட்டால் என்ன என்று யோசனை சொன்னவன் நான். நாலெழுத்துப் படித்தவன் என்பதால் மனுவும் நானே எழுதினேன். 'இம்மணலை எங்களுக்கு வழங்கி உதவுமாறு' என்று எழுதி, ஊரில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு இல்லாததாங்க? பூராத்தையும் எடுத்துக்கங்க" என்றார். பழைய பெயின்ட் தூள் கலந்த அந்த மணல், மலையை விட்டு இறக்கி, அதற்கென்று உள்ள இடத்தில் புதைக்க வேண்டிய விஷக் கழிவு என்பது எனக்குத் தெரியாது. எழுபது வளைவு இறங்கும் செலவை அவருக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்துவிட்டு, நன்றிக்கு ஒரு பலாப்பழமும் கொடுத்தனுப்பினேன்.

கறுப்பு மணலைப் பரப்பி, சாணி கரைத்து மெழுகினோம். சாமையும் கேழ்வரகும் அதில்தான் காய்ந்தன. முதலில் கோழிகள் போயின. கோழிக்குத் தீனி செரிக்கக் கல் வேண்டும். அவை மணலைப் பொறுக்கித் தின்று, கழுத்துத் தொங்கி, களத்திலேயே செத்தன. சீக்கு என்று நினைத்தோம். நித்தமும் களத்தைக் கூட்டி, தானியத்தைப் புடைத்தவள் அக்கா. மூன்றாம் வருஷம் அவள் கையிலிருந்து முறம் நழுவியது. மணிக்கட்டு தொங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. சேலத்து டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "பெயின்ட் வேலைக்குப் போறீங்களாம்மா? உடம்புல ஈயம் ஏறியிருக்குது" என்றார். பஸ்ஸில் மலையேறும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "களத்துல மணலு கொட்டுன நாள்லருந்து அந்தாளு நம்மூட்டுத் தண்ணி குடிக்கல தம்பி. கேன்ல கொண்டாந்தான்." களத்து மழைத்தண்ணீர் வடிவது எங்கள் கிணற்றில். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மனுவை மடித்து வைத்திருக்கிறார்.

புகார் கொடுத்தேன். விசாரிக்க அதிகாரி வந்தார், காண்ட்ராக்டரும் வந்தார். அதற்குள் ஆள் நன்றாகச் சதை போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து என் மனுவை எடுத்து நீட்டி, "அவிங்களா கேட்டாங்க சார், நான் சும்மா குடுத்தேன்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். என் கையெழுத்து.

அப்போது அக்கா உள்ளிருந்து வந்தாள். ஒரு கையால் முடியாததால், இரண்டு முன்னங்கைக்கும் நடுவில் சொம்பை அணைத்துப் பிடித்திருந்தாள். "அதே கெணத்துத் தண்ணிதானுங்க. சர்க்கரையாட்டம் இருக்குதுன்னீங்களே, குடிங்க" என்று நீட்டினாள். காண்ட்ராக்டரின் கை பாதி வந்தது, திரும்பிப் போயிற்று. "வண்டியில கேன் இருக்குதுங்க" என்றார். அதிகாரி மனுவை மடித்துவிட்டு, "ஏன், இதையே குடிக்கலாமே?" என்று கேட்டார். காண்ட்ராக்டர் வண்டிப் பக்கம் நகர்ந்தார். அதிகாரி அந்தச் சொம்பிலிருந்தே ஒரு பாட்டிலில் ஊற்றி முத்திரை வைத்து எடுத்துப் போனார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. களத்தைப் பெயர்த்தாயிற்று, கிணற்றை மூடியாயிற்று, குடிக்கத் தண்ணீர் இப்போது எங்களுக்கும் கேனில்தான் வருகிறது. மூடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு குடம் இறைத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தச் சொம்பில் ஊற்றி, துணி கட்டி, பஸ்ஸில் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறேன். அவர் உட்காரும் பெஞ்சில், அவர் பக்கத்தில் வைக்கிறேன். மனிதர் வியர்த்து, எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார். நானும் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். பார்ப்பவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு இதில் கிடைக்கிற நிம்மதி வேறெதிலும் இல்லை.

வீடு திரும்பியதும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"குடிச்சானா?"

"இல்லக்கா."

தொங்கும் கையால் சொம்பை மார்போடு அணைத்து வாங்கிக்கொள்வாள். "அடுத்த வாய்தாக்கும் கொண்டு போ" என்பாள்.