'ங்க' விட்டுப்போன சோலோ

போன ஞாயிறு மதியம் எங்கள் தங்கராசு 'ங்க' போடாமல் பேசிவிட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தெரியாது. கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புரியும். தங்கராசு தன் வீட்டு நாயையே 'உள்ள போங்க' என்பவர். நாயும் மரியாதையாகப் போகும்.

அப்படிப்பட்டவர் பேசிவிட்டார். அதுவும் என்னை. அதுவும் மேடையில்.

சொல்கிறேன்.

நான் டிரம்ஸ் அடிப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாராவாரம் படிக்கிறீர்கள், பாவம். நாங்கள் நாலு பேர். ஜாஸ் குழு. சாக்ஸபோன் தங்கராசு. கீபோர்டு கோமதி. பேஸ் கிட்டார் நசீர் பாய்.

ஜாஸ் வாசித்தால் என்ன எதிர்காலம் என்று கேட்கிறார்கள். நல்ல எதிர்காலம்தான். கோமதி குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். எல்லாக் குழந்தைக்கும் அதே பிறந்தநாள் பாட்டு. நசீர் பாய் கோட்டைமேட்டில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறார். நான் சிங்காநல்லூரில் லேத் ஓட்டுகிறேன். லேத், டிரம்ஸ் — இரண்டும் சத்தம்தான். லேத்துக்கு ஆர்டர் வருகிறது.

தங்கராசு ஒருவர்தான் வாத்தியத்தை மட்டும் நம்பியவர். கல்யாண ரிசப்ஷன், கடை திறப்பு விழா என்று ஊதிக்கொண்டிருந்தார். இப்போது ரிசப்ஷனுக்கு டிஜே வந்துவிட்டார். டிஜேவுக்கு மூச்சு வாங்குவதில்லை.

அன்னூரில் தங்கராசுவின் மாமனாருக்கு மாட்டுத் தீவனக் கடை. "ஊதுனது போதுமுங்க மாப்ளே. வர்ற மாசம் வந்து கல்லாவுல உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். தங்கராசு "சரிங்க மாமா" என்றார். அவருக்கு வேறு பதில் தெரியாது.

அந்த நேரத்தில்தான் கொச்சியிலிருந்து ஒரு ஏஜென்ட் பேசினார். பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு வாத்தியக்காரர்களை எடுப்பவர். ஜாஸ் தெரிந்த சாக்ஸபோன்காரர் ஒருவர் வேண்டும். நேரில் வந்து கேட்பார், பிடித்தால் வேலை.

கிடைத்தால் கப்பல். இல்லாவிட்டால் புண்ணாக்கு. நடுவில் ஒன்றும் கிடையாது.

ஞாயிறு மதியம் அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் பஃபேக்கு வாசிக்கிறோம். ஜாஸ் எங்கே என்று அங்கே விசாரித்தால், "ஜிலேபிக்குப் பக்கத்துலீங்க" என்பார்கள். ஏஜென்டை அங்கேயே வரச் சொன்னோம்.

இந்த இடத்தில் ஜாஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கும் கொஞ்சம்தான் தெரியும்.

முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்போம். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியாக, அந்த நேரத்தில் மனதில் வருவதை வாசிக்க வேண்டும். அதுதான் சோலோ. மற்றவர்கள் பின்னால் தாங்கிப் பிடிப்போம். அடுத்து யார் என்று வாயால் சொல்ல முடியாது. கண்ணைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். 'நீ எடுத்துக்கொள்' என்று அர்த்தம்.

மற்ற ஊர்களில் அப்படி. நம் ஊரில் தலையசைத்தால் 'நீங்க மொதல்ல' என்று அர்த்தம். அதற்குப் பதில் தலையசைப்பு உண்டு — 'இல்லீங்க, நீங்க.' சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் "ஏறுங்க", "பரவால்லீங்க, நீங்க ஏறுங்க" என்று நின்றதில் பல்லடம் பஸ் போயே போனதைப் பார்த்திருக்கிறேன். போன பிறகும் இருவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

இந்த லட்சணத்தில் நாங்கள் மூவரும் ஒரு புத்திசாலித்தனம் செய்தோம். தங்கராசுவுக்குத் தெரியாமல் பேசி வைத்தோம். இன்று நாம் யாரும் சோலோ எடுக்கக் கூடாது. எல்லாம் அவருக்கே. அவரிடம் சொன்னால் "ஐயோ, அதெப்படிங்க" என்பார். அதனால் சொல்லவில்லை.

தங்கராசுவும் எங்களுக்குத் தெரியாமல் ஒன்று நினைத்திருந்தார். அவ்வளவு தூரம் வரும் ஏஜென்ட் கோமதியையும் பாயையும் முதலில் கேட்கட்டும், அவர்களுக்கும் ஏதாவது நல்லது நடக்கட்டும் என்று. இது பிறகு தெரிந்தது.

நல்ல மனசுகள் நாலு ஒரே மேடையில். விளங்குமா?

ஏஜென்ட் முன் டேபிளில் உட்கார்ந்தார். சூப் மட்டும் எடுத்துக்கொண்டார். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார்.

மெட்டு முடிந்தது. தங்கராசு சாக்ஸபோனை இறக்கினார். கோமதியைப் பார்த்துத் தலையசைத்தார். கோமதி சிரித்து, அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் நசீர் பாயைப் பார்த்தார். பாய் குனிந்து வணக்கம் போல ஒன்று வைத்தார். என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

ஒரு சுற்று போனது. மறுபடியும் கோமதி. மறுபடியும் பாய். மறுபடியும் விட்டம். டும் டும் என்று பின்னணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு, மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி இருந்தது.

தட்டோடு ஒருவர் என் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

"ஆரம்பிச்சாச்சுங்க."

"அப்படீங்களா? செரி, மெதுவாவே வாசிங்க. நான் தயிர்சாதம் வாங்கிட்டு வந்தர்றேன்."

ஏஜென்ட் வாயைத் துடைத்தார். கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்தார். கோமதி என்னைப் பார்த்தார். அது தலையசைப்பு இல்லை. கெஞ்சல்.

எனக்கு நீளமாகப் பேச வராது. அடித்துக்கொண்டே சொன்னேன்.

"தங்கராசு, அன்னூர்ல புண்ணாக்கு மூட்டை வந்து எறங்கீருச்சாமுங்க. போய் நிறுத்துப் போடுங்க."

திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாயை மூடிட்டு அடிடா!"

எனக்கு ஒரு அடி விட்டுப்போனது. நசீர் பாய் "யா அல்லா" என்றார்.

அப்புறம் ஊதினார்.

யாரையும் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஊருக்குக் கொடுத்த 'ங்க' அத்தனையும் ஒரே மூச்சில் திருப்பி வாங்கினார். மாமனாருக்கு அதில் பதில் இருந்தது. டிஜேவுக்கு இருந்தது. 'கொஞ்சம் மெதுவா ஊதுங்க, பேச முடியல' என்ற ரிசப்ஷன் சொந்தங்களுக்கும் இருந்தது. எனக்கும் தனியாக ஒன்று வைத்திருந்தார்.

எங்கள் ஒப்பந்தத்தை மறந்து கோமதி நடுவில் நுழையப் பார்த்தார். தங்கராசு கண்ணை மூடிக்கொண்டார். கொடுக்கவில்லை. ஜிலேபி போடுபவர் எண்ணெய்க்கு மேலே கையை அப்படியே நிறுத்திவிட்டார். தயிர்சாதக்காரர் சாப்பிட வாயைத் திறந்தவர் மூடவில்லை.

ஏஜென்டின் பை மறுபடியும் கீழே போனது.

கைதட்டல் அடங்கியதும் ஏஜென்ட் மேடைக்கு வந்து கை நீட்டினார். தங்கராசு அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க. வாய் தவறி 'டா' போட்டுப்போட்டேனுங்க."

"அத விடுங்க. அவரு கை நீட்டிட்டு நிக்கறாருங்க."

திரும்பினார். நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்கு என்னங்க, கோமதி அம்மணி என்னையவிட நல்லா வாசிப்பாங்க. கப்பல்ல கீபோர்டுக்கு ஆள் வேணுமின்னா..."

கோமதி எழுந்துவிட்டார்.

"தங்கராசண்ணா, இப்ப சரீன்னு சொல்றீங்களா, இல்ல நானும் 'டா' போடட்டுங்களா?"

"சரிங்க" என்றார் தங்கராசு. கோமதிக்குச் சொன்னாரா, ஏஜென்டுக்குச் சொன்னாரா தெரியாது. ஏஜென்ட் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

மரியாதை நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நமக்கு வரவேண்டியதையும் 'நீங்க எடுத்துக்குங்க' என்று தள்ளிவிட்டு, அதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோமோ என்று ஒரு சந்தேகம். நம்மில் எத்தனை பேர் பஸ்ஸை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்?

மாமனாரிடம் விஷயத்தைச் சொல்ல நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கப்பல்ல என்ன வேலைங்க மாப்ளே?"

"ஊதறதுங்க மாமா."

"அதுக்குத்தான் கப்பல்லயே ஆரன் வெச்சிருப்பாங்களேங்க."

தங்கராசு வழக்கம்போல 'சரிங்க மாமா' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் தவிட்டு மூட்டையைப் பார்த்தார்.

"போறேனுங்க மாமா" என்றார்.

'ங்க' இருந்தது. ஆனால் அது அனுமதி கேட்டுப் போட்ட 'ங்க' இல்லை. முடிவைச் சொல்லிவிட்டுப் போட்ட 'ங்க'.

தங்கராசு கிளம்புகிறார். அங்கேயும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் வாசிக்கப் போகிறார். இங்கே ஜிலேபி, அங்கே மீன். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

எங்கள் குழுவில் இப்போது சாக்ஸபோன் இடம் காலி. ஆர்வமுள்ளவர்கள் வரலாம். ஒரே ஒரு தகுதி — கொஞ்சம் மரியாதை தெரியாதவராக இருக்க வேண்டுமுங்க.