மகளின் கதையில் நான் மாற்றிய பக்கம்

மார்ச் 9: துறைமுக நகரமான பாசிர் கூடாங்கில் வேலையிலிருந்த மகள் யாழினி கேட்டுக்கொண்டதால், அவளுடைய எழுத்துப் படிப்பு விண்ணப்பத்துக்கான கதைகளைக் கல்லூரி இணையத்தளத்தில் நான் ஏற்றினேன். மார்ச் 20: நேர்காணல்; அவளுடன் நானும் போனேன்.

ஒரு கதை, சென்ற ஆண்டு மறைந்த என் மனைவியின் மருத்துவமனை நாள்களைப் பற்றியது. அவர் வலியில் கதறிய கடைசிப் பக்கத்தை நீக்கிவிட்டு, அமைதியாகக் கண்மூடியதாக எழுதிச் சேர்த்தேன். பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்தியே ஓய்வுபெற்றவன் நான். மகளிடம் சொல்லவில்லை.

நேர்காணல் அறையின் கதவில், பிறர் எழுதிய படைப்பை அனுப்பியவர்கள் நிராகரிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு இருந்தது. நான்கு ஆண்டுகளாக அவள் காத்திருந்த இடம் அது.

"யாழினி, அம்மா கதையோட கடைசிப் பக்கத்த நான் மாத்திட்டேன்மா. அமைதியா கண்மூடினதா எழுதிட்டேன்."

"அலமாக், ஐயோ! ரிட்டையர் ஆகியும் திருத்துற வேலைய விடலையாப்பா?" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "அம்மா அப்படியா போனாங்க?"

அவள் பெயரை அழைத்தார்கள்.

நாற்பது நிமிடம் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றேன். உள்ளே அவளே நடந்ததைச் சொல்லி, கைப்பேசியிலிருந்த தன் மூலக் கதையை வாசித்திருக்கிறாள். அதை ஏற்றுக்கொண்டார்கள்; இடமும் கிடைத்தது.

இப்போது அவள் கோப்புகளை நான் திறப்பதில்லை. கேட்டால் மட்டும் கருத்துச் சொல்கிறேன்.

இன்னும் செய்யாதவை: மகளிடம் மன்னிப்புக் கேட்பது. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த மனைவியின் பையைப் பிரிப்பது. நான் நீக்கிய பக்கத்தை மறுபடி வாசிப்பது.