திருப்பிப் பார்க்காத கல்

இண்டூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாடியறையில் எட்டு மாதம் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றுவிட்டார்கள். அதனால் அங்கே என் கற்கள் குடியிருந்தன.

கற்கள் என்றால், இயந்திரம் வைத்துப் பூமிக்குள்ளிருந்து உருவி எடுத்த உருளைகள். எந்த ஆழத்தில் வந்ததோ அந்த வரிசையிலேயே மரப்பெட்டிகளில் அடுக்கி, பார்த்து, எழுதி வைப்பது என் வேலை. துளை போட்ட நாட்களில் ஊரார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி வந்துச்சுங்களா?" தண்ணீருக்காக இல்லை என்று சொன்னால் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

எங்களுக்கு வேண்டியது கல். இங்கே பூமிக்கடியில் கருப்பாக ஒரு கல் ஓடுகிறது. எப்போதோ நெருப்புக் குழம்பாக ஏறி வந்து, மேலே வர முடியாமல் விரிசலுக்குள்ளேயே உறைந்துபோனது. ஆலைகள் வெளியேற்றும் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து இந்த மாதிரிப் பாறைக்குள் இறக்கினால், அது பாறையோடு சேர்ந்து வெள்ளைக் கல்லாகி அங்கேயே தங்கிவிடும். வேறு நாடுகளில் எரிமலைப் பாறையில் செய்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் கல்லின் விரிசல்களில் இயற்கையாகவே அப்படி வெள்ளைப் படிவு இருந்தால் நல்ல அறிகுறி. இரண்டாவது துளை போடுவார்கள், என் வேலையும் இன்னும் ஒரு வருடம் ஓடும். இல்லாவிட்டால் மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த வேலைக்கு வருமுன் நான்கு வருடம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியிருக்கிறேன். அங்கே திரும்பிப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை.

பொங்கலுக்குக் கடத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அவசரத்தில், பெட்டிகளுக்கு மூடி போடாமல் சுவரோரம் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். ஒரு வாரம் கழித்து வந்தால் கொட்டகை பளிச்சென்று இருக்கிறது. வீட்டுக்கார அக்கா சுண்ணாம்பு அடித்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், சும்மா உட்காரத் தெரியாதவர்.

"மாடு இல்லாட்டி என்னங்க மேடம், பொங்கலுக்கு அடிக்காம விட மனசு கேக்கல," என்றார். நன்றாக இருக்கிறது என்று நானே பாராட்டினேன். அப்போதும் என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை, ஒரு கல்லில் மயிரிழை விரிசல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. வெள்ளைப் படிவு என்றால் நுரைக்கும், வெறும் கருங்கல் என்றால் சும்மா இருக்கும். பக்கத்துப் பெட்டியிலும் நுரைத்தது, அதற்கடுத்த பெட்டியிலும் நுரைத்தது. சென்னையிலிருந்து இந்த ஆய்வை நடத்தும் எங்கள் பேராசிரியருக்கு உடனே போன் போட்டேன். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை, அன்று சிரித்தார். அம்மாவிடம் சொன்னேன், அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்து அக்காவிடமும் கொடுத்தேன்.

"என்னங்க விசேசம்?"

"கல்லு பாஸாயிடுச்சுக்கா."

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர், அறிக்கையில் சேர்க்க வேண்டும், கல்லின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். முதல் கல்லைத் திருப்பினேன். அடிப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. அதே விரிசல்தான் சுற்றிக்கொண்டு கீழே வந்தது, வெள்ளை மட்டும் பாதியோடு நின்றிருந்தது. அமிலம் விட்டேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெறிச்சிருச்சுங்க மேடம். ஆனா அப்படியே விட்டுடலைங்க. ஈரத்துணி வெச்சு ஒண்ணொண்ணா தொடச்சேன். ஒரு கல்லைக்கூட எடம் மாத்தல," என்றார், பெருமையாக.

மேலே துடைத்துவிட்டார், விரிசலுக்குள் போனது போனதுதான். துடைக்காமல் விட்டிருந்தால் பார்த்த உடனே எனக்குத் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு காய்வது என்பதே காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து அதே வெள்ளைக் கல்லாவதுதான். எங்கள் பாறை செய்யுமா என்று நாங்கள் காத்திருந்ததைக் கொட்டகைச் சுவர் ஒரே வாரத்தில் செய்து முடித்திருந்தது. உலகத்துக்கு அதனால் லாபமில்லை. சூளையில் வேகும்போது விட்ட வாயுவைத்தான் சுண்ணாம்பு திரும்ப வாங்கிக்கொள்கிறது.

பேராசிரியருக்குப் போன் செய்ய அரை நாள் ஆனது. "நீங்களே சொன்னது நல்லதும்மா. மீதிக் கல்லையும் திருப்பிப் பார்த்துடுங்க," என்றார். எல்லாப் பெட்டிகளையும் பார்த்தேன். சுண்ணாம்பைத் தவிர எங்கேயும் எதுவும் நுரைக்கவில்லை.

அதன் பிறகு அக்காவோடு நான் சரியாகப் பேசவில்லை. குழம்பு கொண்டு வந்தால் சாப்பிட்டாச்சு என்பேன். அவர் வாசலில் நிற்பது தெரிந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியேறிவிடுவேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

மார்ச் கடைசியில் கிளம்பினேன். அக்கா கேட்காமலேயே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"நான் சுண்ணாம்பு தெறிக்க விட்டதாலதான் உங்க வேலை போச்சுங்களா?"

"இல்லக்கா. கல்லுல ஒண்ணும் இல்ல. நீங்க அடிக்காம இருந்தாலும் போயிருக்கும்."

பையைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு மாசமா எதுக்குங்க என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க?"

என் நோட்டில் இருக்கிறது, அந்த முதல் நாள் நான் விட்டது பதினோரு சொட்டு. பதினொன்றும் கல்லின் மேல்பக்கத்தில். கல்லைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கையைக்கூட வைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து, மைசூர்பாகு வாங்கப் போய்விட்டேன்.

அதை அக்காவிடம் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.