முருங்கன் மழையும் மாறிப்போன மாப்பிள்ளையும்

நெற் கபே, அதுதான் இணையம் பார்க்கிற கடை, நடத்துகிறவனுக்கு, வருகிற சனத்தைவிட அவர்கள் கேட்கிற பக்கங்களைப் பராமரிப்பதுதான் பெரிய வேலை. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் உப்புக்குளத்தில் சின்னதாய் ஒன்று திறந்தேன். யார் எந்தப் பக்கம் கேட்டாலும் அதன் இணைப்பைச் சேமித்து வைப்பேன். உங்களுக்கும் இந்த வியாதி இருந்தால் நான் பட்டது விளங்கும்.

சொந்த மழை

முருங்கனில் வயல் செய்யும் சின்னராசா அண்ணை, விதைப்புக் காலத்தில் பஸ் ஏறி வந்து காலநிலைப் பக்கம் பார்ப்பார். அதை அவர் பெயரிலேயே சேமித்திருந்தேன். திரையில் தன் பெயரைக் கண்டு அவருக்குச் சரியான பெருமை.

ஒருநாள் அவர் வந்தபோது, தலைமன்னார் மீன்பிடிக்காரர் ஒருவர் அதே இணைப்பைத் திறந்து வைத்திருந்தார். அண்ணை கதிரையில் உட்காரவே இல்லை. கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, என்ர மழையை ஏன் தலைமன்னார் ஆக்களுக்குக் குடுக்கிறீர்?"

மாறிப்போன மாப்பிள்ளை

அடம்பன் ராசாத்தி அக்காவின் மகளுக்குக் கனடாவில் கலியாணம் நடந்தது. அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. மகள் இணையத்தில் போட்ட வீடியோவைப் பார்க்க அடிக்கடி வருவார். மேலிருந்து மூன்றாவது இணைப்பு என்பது அவருக்கு மனப்பாடம்.

நானோ ஒருநாள் உற்சாகத்தில் எல்லா இணைப்புகளையும் அகர வரிசைப்படி அடுக்கிவிட்டேன். அடுத்த முறை அக்கா மூன்றாவதைத் திறக்க, வந்தது வேறு யாருடையதோ கலியாணம். போட்டோக் கொப்பி வேலையில் இருந்த நான் கவனிக்கும்போது பாதிக்கு மேல் ஓடிவிட்டது. பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாப்பிள்ளையைக் கண்ட உடனேயே தெரிஞ்சிட்டுது தம்பி. ஆனால் பந்தி வரைக்கும் வந்திட்டன், சாப்பிடாமல் எழும்பேலாதே."

நீலப் பக்கம்

வைரஸ் புகுந்து கணினி படுத்துவிட்டது. திருத்த வந்தவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். இணைப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கும்போது ஹனீபா நானா வந்தார். பல வருடம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்து, படகு எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் விதத்தைப் படத்தோடு காட்டும் ஒரு பக்கம் அவருக்கு வேண்டும். யாரோ ஒருவரின் எஞ்சின் துண்டு துண்டாய்க் கரையில் கிடந்தது.

பக்கத்தின் பெயர் இருவருக்கும் நினைவில்லை. நீல நிறம் என்பது மட்டும் தெரியும். உலகத்தில் எத்தனை நீலப் பக்கம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கண்டேன். வங்கி, விமானம், நீச்சல் குளம் எல்லாம் பார்த்து முடித்து, பின்னேரம்தான் எஞ்சின் வந்தது. வீணாய் அலைக்கழித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நானா சிரித்தார்.

"திரும்பி வரேக்க காடாய்க் கிடந்ததுக்குள்ள எங்கட வீட்டையே தேடிக் கண்டுபிடிச்சனாங்கள் தம்பி, இது நீலப் பக்கம்தானே."

இப்போதெல்லாம் எந்த இணைப்பையும் இரண்டு இடத்தில் சேமிக்கிறேன், அந்த இரண்டாவது இடம் எது என்பதுதான் அடிக்கடி மறந்துபோகிறது.