நாலு தடவை மாறிய கோடு

மலைமேல் கொட்டச்சேட்டில் நான் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருக்கும் மாதத்தில் மழை வருமா வராதா என்பதுதான் எங்களுக்கு ஒரே பேச்சு. அதற்காகவே போனில் புயல் வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். புயல் போகும் பாதை இதுதான் என்று அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒரு கோடு போடும், ஐரோப்பியக் கம்ப்யூட்டர் ஒரு கோடு போடும். ஒரே நாளில் இரண்டும் சில தடவை இடம் மாறும். ஒட்டிக் கிடந்தால் நம்பலாம், விலகிக் கிடந்தால் பொறுக்க வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் யாராவது கேட்டால் ‘தெரியலீங்க’ என்று சொல்ல வாய் வராது. அப்படியொரு வீம்பு எனக்கு.

அக்கா அதே மலையில் மாரமங்கலத்தில் தனியாக இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. பெருமழை என்றால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், கூடவே அவளுடைய ஐந்து கோழிகளும் வரும். விடிந்தபின் கோழி கைக்குச் சிக்காது என்பதால், முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவதாக இருந்தால் முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே பிடித்துக் கூடையில் போட்டு, கூடையின் வாயைப் பழைய சேலைத் துணியால் கட்டிவிடுவாள். மற்ற நாட்களில் அவை பலாமரத்தில்தான் அடையும்.

அந்த வாரம் திங்கட்கிழமை, ஒரு கோடு கடலூரில் கரையேறி நேராக எங்கள் மலைக்கு வந்தது. “வந்துருங்க அக்கா” என்றேன். செவ்வாய் காலை கோழிகளோடு வந்து இறங்கினாள். மத்தியானம் பார்த்தால் கோடு ஆந்திராவுக்குத் திரும்பியிருந்தது. திட்டிக்கொண்டே சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனாள். புதன்கிழமை ஒரு கோடு மட்டும் மறுபடி தெற்கே இறங்கியது. அப்போதாவது பொறுத்திருக்க வேண்டும். மறுபடி வரச் சொன்னேன். வியாழன் காலை அவள் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது கோடு வடக்கே போய்விட்டது. “வேண்டாங்க அக்கா, ஊட்டுக்குப் போங்க” என்று போன் செய்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம்.

அன்று சாயங்காலம் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எங்கள் தலைக்கு மேல் கிடந்தன. அந்த வாரத்தில் முதல் முறையாக இரண்டும் ஒத்துப்போயிருந்தன. உடனே கூப்பிட்டேன்.

“ஏங்கண்ணு, உன்ற கம்ப்யூட்டரு காலைல ஒண்ணு சொல்லுது, பொழுதோட ஒண்ணு சொல்லுது. கோழிக கூடைக்குள்ள கெடந்தே எளச்சுப் போச்சு. காலைலதான் அவுத்து உட்டேன், மேஞ்சுட்டுக் கெடக்குதுக. நான் வர்லே சாமி” என்று சிரித்தாள்.

இந்தத் தடவை இரண்டும் ஒன்றையே சொல்கின்றன, அதனால் நம்பலாம் என்று ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். என் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அழைத்தும் வந்திருக்கலாம். எனக்கோ அவள் சிரித்தது சுருக்கென்று தைத்துவிட்டது. “உங்க இஷ்டம். வந்தா வாங்க, வராட்டிப் போங்க” என்று போனை வைத்துவிட்டேன்.

அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

விடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. ரோட்டில் மரங்கள் விழுந்து பஸ் ஓடவில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போனோம். அந்த மண்மேடு சரிந்து வீட்டின் பின்பாதியை மூடியிருந்தது. அவள் படுக்கிற அறை அந்தப் பக்கம்தான். அவளை வெளியே எடுக்க மத்தியானம் ஆனது.

முன்வாசல் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே நிலைப்படி ஓரமாகக் கோழிக்கூடை. உள்ளே ஐந்து கோழிகளும் உயிரோடு கொக்கரித்துக்கொண்டிருந்தன. கூடையின் வாய் சேலைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது.