நடவுப் பாட்டுக்கு ஓர் உரிமையாளர்

காலையில் போனைத் திறந்தால் ஒரு மின்னஞ்சல். போன சம்பாவில், வலங்கைமான் பக்கத்து வயலொன்றில் நான் பதிவு செய்து இணையத்தில் போட்டிருந்த நடவுப் பாட்டு, சென்னையில் ஏதோ ஓர் இசை நிறுவனத்தின் சொத்தாம். ஒரு வாரத்துக்குள் மறுக்காவிட்டால் காணொளியைத் தூக்கிவிடுவார்களாம். சொத்து! சேற்றில் கால் புதைய, முதுகு நிமிராமல், வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்த பாட்டு, சொத்து.

நிறுவனத்தின் பாட்டைத் தேடிக் கேட்டேன். பற்றிக்கொண்டு வந்தது. என் காணொளியிலிருந்தே உருவி, அடியில் மேளத்தை ஓட விட்டிருக்கிறார்கள். நடுவில், பாட்டெடுக்கிற அக்கா வரப்பைப் பார்த்து, "நாத்துக் கட்டக் கொண்டாங்கடி, தூங்குறீங்களா?" என்று போட்ட அதட்டல்கூட அப்படியே கேட்கிறது. அந்த அதட்டலுக்கும் அவர்கள்தாம் உரிமையாளர்கள்!

மறுக்கப் படிவத்தைத் திறந்தால், பதிவுக்கு என் பெயர் போதுமாம். பாட்டுக்கு என்று தனியாக ஒரு பெயர் வேண்டுமாம். ஒரே ஒரு பெயர். பஸ் பிடித்து அந்த வயலுக்கே போனேன். நடவாட்கள் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் தங்கை மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். இந்தக் காணொளியை ஓட விட்டுத்தான் அங்கே பாத்திரம் தேய்ப்பாள். அது போய்விடும் என்றதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"பாட்டு உங்களோடதுன்னு உங்க பேரப் போட்டுடுறேங்க்கா. மீட்டுடலாம்."

"என்னுதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நீங்கதானே பாடுனீங்க?"

"எடுத்துக் குடுத்தேன். வாங்கிப் பாடுனது இவளுவ."

பக்கத்திலிருந்தவள் டம்ளரைக் கவிழ்த்தாள். "போட்டுக்குங்க தம்பி. நாளைக்கு மொதலாளியம்மா தனியாப் பாடட்டும். நாங்க வாய மூடிக்கிட்டு நடுறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கித் திருப்பிப் பாடினால்தான் கைகள் ஒன்றாகச் சேற்றில் இறங்கும். வாங்க ஆளில்லாத பாட்டோடு வயலில் யார் நிற்பது?

"வேணாம் தம்பி. தங்கச்சிக்குப் போன்ல பாடிக்கிறேன்."

"எல்லார் பேரையும் போட அங்க எடம் இல்லக்கா!" கத்திவிட்டேன். கத்தவேண்டியது அவளிடமா? யாரிடம் என்று தெரிந்தால் அங்கே போய்க் கத்தியிருப்பேன்.

வாரம் முடிந்தது. காணொளி இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். நிறுவனத்தின் பாட்டு மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

தாளடி நடவுக்கு மறுபடி போனேன். பையிலிருந்து போனை எடுத்ததுதான் தாமதம், டம்ளர் கவிழ்த்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, இது கம்பெனிப் பாட்டாச்சே! பாடுனா போலீசு வருமா தம்பி?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"போன உள்ள வைங்க," என்றாள் அக்கா. "வச்சாத்தான் பாட்டெடுப்பேன்."

வைத்தேன். எடுத்தாள். நான் கேட்டிராத அடிகள். வரப்பில் பையோடு வந்து நிற்கிறவரைப் பற்றி, அவர் காதைப் பற்றி, கேட்டதைக் காப்பாற்றத் தெரியாத அவர் சாமர்த்தியத்தைப் பற்றி. அடிக்கு அடி வாங்கிப் பாடி, விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பையின் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.