கல்கிசைவரை போன நாய்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். அப்படிப்பட்டவன் ஒரு நாயை ரயிலில் கொண்டுபோன கதையை எழுத வந்ததற்கு வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் இருந்தேன். சுவரெல்லாம் ஈரம், அக்காவுக்கு மூச்சிழுப்பு. வெள்ளவத்தையில் கடற்காற்றுப் படும் வீடொன்று வாடகைக்கு வந்தது. பக்கத்து வளவில் தனியே குடியிருந்த வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது. சனிக்கிழமை நாலு மணிக்கு அக்காவின் நாயைக் கொண்டுவந்து காட்டி, அது குரைக்காதென்று கண்டால்தான் கதவுத் திறப்பைத் தருவாராம். நாயை விட்டுவிட்டு வர அக்கா சம்மதிக்கவில்லை. அத்தானுக்கு அன்று வேலை. ஆகவே நான்.

புறப்படும்போது அக்கா நாய்க்கு வயிறு முட்டப் புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். வேண்டாம் என்றேன்.

“பயணம் போறதை வெறுவயித்தோட அனுப்பேலுமோ?” என்று கேட்டுவிட்டு, அதன் நெற்றியில் திருநீறும் பூசினாள்.

மூன்று ரிக்‌ஷாக்காரர்கள் நாயைக் கண்டதும் தலையாட்டிவிட்டார்கள். ட்ராமிலும் ஏற்றவில்லை. கோட்டை ஸ்டேஷன்வரை நடந்தோம். ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட அது சும்மா விடவில்லை. நாய்க்கும் டிக்கெட் எடுத்து, கடைசியிலிருந்த கார்ட் பெட்டியில் கட்டிவிட்டு, நான் மூன்றாம் வகுப்பில் ஏறினேன்.

வெள்ளவத்தையில் இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். கார்ட் ஸ்டேஷன் மாஸ்டரோடு இங்கிலீஷில் கதைத்துக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து பேச எனக்கு வரவில்லை. ‘சேர்’ என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் விசில் ஊதி ரயில் நகர்ந்துவிட்டது. கம்பிக்குப் பின்னால் நின்று நாய் என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

அந்த ரயில் ஓடி முடியும் இடம் கல்கிசை; அடுத்த ரயிலில் அங்கே போனேன். நாயை ஸ்டேஷனில் ஆட்கள் உட்காரும் வாங்கின் காலில் கட்டியிருந்தார்கள். புட்டும் மீன்குழம்பும் கார்ட் பெட்டி முழுவதும் கிடந்தனவாம். கூப்பிட்டிருந்தால் இறக்கித் தந்திருப்பேனே என்று கார்ட் சிங்களத்தில் சத்தம் போட்டார். திரும்ப ஏற்ற முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்; அதனால் எனக்கு இன்னும் எரிச்சல். அக்காமீது எரிச்சல், நாய்மீது எரிச்சல், திறக்காத என் வாய்மீது எல்லாவற்றையும்விட எரிச்சல்.

காலிக்குப் போகும் பெரிய வீதி நெடுக நாயோடு நடந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் கேற்றடியில் நின்றார்.

“நாலு மணியெண்டால் நாலு மணி, ஐசே.”

தலை குனிந்து நின்றேன். நாய் என் காலடியில் படுத்து மூச்சு வாங்கியது. அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். வீடு போய்விட்டது, அக்காவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“நாயும் குரைக்குதில்லை, நீரும் கதைக்கிறீரில்லை. எனக்கு இப்பிடி ஆக்கள்தான் தோது” என்று சொல்லி, திறப்பை என் கையில் வைத்தார்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து சாமான்கள் மாட்டுவண்டியில் போயின. நாய் வண்டியில் ஏற மறுத்தது. வெள்ளவத்தைவரை அதை நான் நடத்திக்கொண்டு போனேன்.